சட்டைப்பையில் ஓர் ஒற்றன்

“பகலிற் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுதானும் பேசாதே” என்பது நம் முன்னோர் விட்டுச் சென்ற எச்சரிக்கை. கிடுகு வேலிக்கு அப்பாலும் ஒரு செவி இருக்கலாம் என்று அஞ்சிய காலத்தில் எழுந்த பழமொழி அது. வேலி மறைவில் நின்று அயல்வீட்டுப் பேச்சைக் கேட்பவரை நம் ஊர்கள் நன்கறியும். ஆயினும் அவ்வாறு கேட்டவர் கொண்டு சென்றது தமது நினைவை மட்டுமே. அவர் சொன்னதை ஊர் நம்பலாம், நம்பாமலும் விடலாம். பேசியவர், “நான் அப்படிச் சொல்லவில்லை” என்று மறுப்பதற்கும் இடமிருந்தது. இன்று அந்த இடம் அற்றுப்போயிற்று. நம் எதிரே அமர்ந்திருப்பவரின் சட்டைப்பையிலே ஒரு கைத்தொலைபேசி உறங்குவதுபோற் கிடக்கிறது. அது உறங்கவில்லை என்பதும், நாம் விட்ட பெருமூச்சைக்கூட அது பதிந்து வைத்திருக்கிறது என்பதும் பின்னர்தான் தெரியவரும்.

திருவள்ளுவர் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அது திருக்குறளின் 59 ஆம் அதிகாரம். அதனை அவர் அமைத்த இடம் கவனிக்கத்தக்கது. பொருட்பாலிலே, அரசனுக்குரிய கடமைகளின் நடுவே அது நிற்கிறது. இல்லறத்தானுக்கு அவர் வகுத்ததோ புறங்கூறாமை என்னும் 19 ஆம் அதிகாரம். ஒற்றன் அரசனுக்குரியவன், குடிமகனுக்குரியது நாவடக்கமே என்பது அந்த வைப்புமுறையின் குறிப்பு என்று நான் கொள்கிறேன். ஆனால், அரசனிடம் மட்டும் இருந்த ஒற்றன் இன்று ஒவ்வொரு குடிமகனின் பையிலும் குடியேறிவிட்டான். அவனை ஏவும் உரிமை நமக்கு உண்டா?

இக்கேள்வி என் வீட்டுத் திண்ணைக்கே வந்து சேர்ந்தது. சில மாதங்களுக்கு முன்னர் என் பெறாமகள் கொழும்பிலிருந்து வந்தாள். அங்கே ஒரு தனியார் நிறுவனத்தில் அவள் பணியாற்றுகிறாள். அவளுடைய மேலதிகாரி மாலை வேளைகளில் அவளைத் தமது அறைக்கு அழைத்து, பதவி உயர்வைத் தூண்டிலாக வைத்து, பேசத்தகாதவற்றைப் பேசிவந்திருக்கிறார். அறையில் மூன்றாமவர் எவரும் இல்லை. முறையிட்டால், அவர் சொல்லுக்கு எதிராக இவள் சொல் மட்டுமே நிற்கும். அவர் சொல்லுக்கோ நீண்டகாலச் சேவையின் கனம் உண்டு. ஆகவே ஒருநாள் தன் கைத்தொலைபேசியை இயக்கி, கைப்பைக்குள் வைத்துக்கொண்டு அவள் அந்த அறைக்குட் சென்றிருக்கிறாள்.

“பெரியப்பா, இதை வைச்சிருக்கிறதே குற்றம் எண்டு ஒருத்தர் சொல்லுறார். என்னைப் பிடிச்சு மறியலிலை போடுவினமோ?” என்று கேட்டாள். அவள் விரல்கள் நடுங்கின. தவறு செய்தவர் கொழும்பிலே நிம்மதியாக உறங்க, அதற்குச் சான்று தேடியவள் என் முன்னே நடுங்கிக்கொண்டிருந்தாள்.

நான் சட்டத்தரணி அல்லேன். நீதிமன்றங்களில் முப்பது ஆண்டுகள் உரைபெயர்ப்பாளனாகக் கடமையாற்றி இளைப்பாறியவன். எனினும் சட்டத்தின் நடுவே வாழ்ந்தவன் என்ற முறையில் அவளுக்கு ஒன்றை எடுத்துரைத்தேன். இவ்விடயத்தில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. பதிவது குற்றமா? பதிந்ததை நீதிமன்றம் ஏற்குமா? பதிந்ததை வேறெங்கே கொண்டுசெல்லலாம்? மக்கள் இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கின்றனர். ஒன்றுக்கு “ஆம்” என்பது மற்றொன்றுக்கும் “ஆம்” ஆகிவிடாது.

முதலாவது கேள்வியை எடுத்துக்கொள்வோம். இருவர் பேசும்போது அவர்களுள் ஒருவரே அப்பேச்சைப் பதிவது வேறு. அப்பேச்சிற் பங்கில்லாத ஒருவர் மறைத்துவைத்த கருவியாற் பதிவது வேறு. முன்னதை இரண்டாம் செவி என்றும் பின்னதை மூன்றாம் செவி என்றும் கூறுவோம். மூன்றாம் செவியைச் சட்டம் பொறுப்பதில்லை. நமது நாட்டின் 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டமும், 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டமும், தமக்குரியதல்லாத செய்தியை வழியிலே இடைமறிப்போரையே நோக்கியவை. என் பெறாமகள் எதனையும் இடைமறிக்கவில்லை. அவளை நோக்கிச் சொல்லப்பட்ட சொற்களை அவளே கேட்டாள், கேட்டதைப் பதிந்தாள். அவள் இரண்டாம் செவி.

இந்த இரண்டாம் செவியின் விடயத்திலேதான் நாடுகள் பிரிந்து நிற்கின்றன. ஐக்கிய அமெரிக்காவின் மத்திய சட்டம் 1968 ஆம் ஆண்டிலே ஒரு விதியை வகுத்தது. பேசுவோருள் ஒருவர் சம்மதித்தாற் போதும். குற்றமோ தீங்கோ இழைக்கும் நோக்கம் இல்லாதவிடத்து அப்பதிவு குற்றமன்று. ஆனால் கலிபோர்ணியா, மேரிலாந்து, புளோரிடா முதலிய சில மாநிலங்கள், அந்தரங்கப் பேச்சிற் பங்குகொள்ளும் யாவரும் சம்மதிக்கவேண்டும் என்கின்றன. ஜேர்மனி இன்னுங் கண்டிப்பானது. பொதுவெளியிற் சொல்லப்படாத ஒருவரின் சொல்லை அனுமதியின்றி ஒலிப்பதிவு செய்வோருக்கு அந்நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 201 ஆம் பிரிவு மூன்றாண்டு வரை சிறை விதிக்கிறது. சொன்ன சொல் காற்றோடு மறையும் என்று நம்பிப் பேசும் உரிமை மனிதனுக்கு உண்டென்பது அச்சட்டத்தின் கருத்து.

சம்மதத்தைப் பற்றிய இவ்வேறுபாடு ஏட்டோடு நின்றுவிடுவதன்று என்பதற்கு லிண்டா ட்ரிப் என்னும் பெண்மணியின் கதை சான்றாகும். அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தில் அவர் பணியாற்றினார். அங்கே அவருக்குத் தோழியாக வாய்த்தவர் மொனிக்கா லெவின்ஸ்கி என்னும் இளம்பெண். சனாதிபதி கிளின்டனோடு தமக்கிருந்த உறவைத் தோழியை நம்பித் தொலைபேசியிலே அவர் சொல்லச் சொல்ல, 1997 ஆம் ஆண்டிலே லிண்டா ட்ரிப் தமது மேரிலாந்து வீட்டிலிருந்து அவற்றை இரகசியமாகப் பதிந்துவந்தார். 1998 சனவரியில் அந்நாடாக்கள் சுயாதீன விசாரணையாளரான கென்னத் ஸ்டாரின் கைக்குப் போயின. அதே ஆண்டு திசெம்பரிலே பிரதிநிதிகள் சபை கிளின்டன் மீது குற்றப்பிரேரணை நிறைவேற்றியது. 1999 பெப்ரவரியில் மூதவை அவரை விடுவித்தது. இவை உலகறிந்தவை.

அதன் பின் நிகழ்ந்ததைப் பலர் மறந்துவிட்டனர். மேரிலாந்து, யாவர் சம்மதத்தையும் வேண்டும் மாநிலம் அன்றோ? 1999 யூலையிலே லிண்டா ட்ரிப் மீதே அம்மாநிலத்திற் குற்றச்சாட்டுத் தாக்கலாயிற்று. நாட்டின் தலைவரையே விசாரணைக் கூண்டுக்கு அருகிற் கொண்டுவந்த நாடாக்கள், அவற்றைப் பதிந்தவரைச் சிறைவாயிலுக்கு அருகே கொண்டுவந்தன. மத்திய விசாரணையாளர் அவருக்கு அளித்திருந்த விலக்குரிமை காரணமாக முக்கியமான சாட்சியத்தை நீதிபதி ஒதுக்கிவிட, 2000 ஆம் ஆண்டு மே மாதத்தில் அவ்வழக்குக் கைவிடப்பட்டது. இன்னொரு விசித்திரமும் உண்டு. லிண்டா ட்ரிப்பின் சொந்த விவரங்களை அவரது திணைக்களம் பத்திரிகையாளருக்கு வெளியிட்டமைக்காக அவர் அரசின்மீது வழக்குத் தொடுத்து, 2003 ஆம் ஆண்டிலே ஏறத்தாழ ஆறு இலட்சம் டொலர் பெற்றார். பிறர் அந்தரங்கத்தை நாடாவிற் பிடித்தவரே தம் அந்தரங்கத்துக்காக நீதி கேட்கவேண்டியவர் ஆனார்.

இனி இரண்டாவது கேள்வி. பதிந்ததை நீதிமன்றம் ஏற்குமா? இங்கே நமது சட்டமரபு அமெரிக்க மரபிலிருந்து விலகிச் செல்கிறது. 1955 ஆம் ஆண்டிலே கென்யாவிலிருந்து சென்ற குருமா என்பவரின் மேன்முறையீட்டிலே இலண்டன் கோமறைக்கழகம் ஒரு கொள்கையை உறுதிசெய்தது. சான்று எவ்வழியாகப் பெறப்பட்டது என்பதைப் பார்க்கிலும், அது வழக்குக்குத் தொடர்புடையதா என்பதே முதன்மையான வினா என்பது அக்கொள்கை. அக்கோமறைக்கழகமே 1971 வரை நமது நாட்டுக்கும் இறுதி நீதிமன்றமாக இருந்தது.

பம்பாயில் எழுந்த மல்கானி வழக்கும் அவ்வழியையே பின்பற்றிற்று. 1964 ஆம் ஆண்டிலே அந்நகரின் மரண விசாரணை அதிகாரியாக இருந்தவர் மல்கானி. சத்திரசிகிச்சைக்குப் பின் இறந்துபோன ஒரு நோயாளியின் மரணத்தை விசாரிக்க வேண்டியிருந்தது. அறிக்கை வைத்தியருக்குச் சாதகமாக அமையவேண்டுமாயின் 20,000 ரூபா தரவேண்டும் என்று அவர் கேட்டார்; பின்னர் 10,000 ரூபாவுக்கு இறங்கினார். இடையில் நின்று பேசிய மற்றொரு வைத்தியர் இலஞ்ச ஒழிப்புப் பொலிசாரிடம் முறையிட்டார். அவருடைய சம்மதத்தோடு அவரது தொலைபேசியில் ஒலிப்பதிவுக் கருவி பொருத்தப்பட்டது. தம் பேச்சைப் பதிந்தது சட்டவிரோதம் என்று மல்கானி வாதாடினார். இந்திய உச்ச நீதிமன்றம் 1972 செத்தெம்பரிலே அவ்வாதத்தைத் தள்ளிற்று. பேசியவருள் ஒருவரே இசைந்திருந்தமையால் 1885 ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் மீறப்படவில்லை என்று அது கண்டது. பேச்சு வழக்குக்குத் தொடர்புடையதாய் இருத்தல், குரல் இன்னாருடையது என்று நிறுவப்படுதல், பதிவிலே அழித்தலோ திருத்தலோ நிகழ்ந்திருக்க இடமில்லை எனக் காட்டப்படுதல் ஆகிய மூன்று நிபந்தனைகளையும் அது வகுத்தது.

நமது நாட்டிலே 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டம் இத்தகைய ஒலிப்பதிவுகளுக்கு வாயிலைத் திறந்தது. பதியப்பட்ட நிகழ்ச்சியைக் குறித்து ஒருவர் நேரே வாய்ச்சாட்சியம் சொல்லக்கூடியதாய் இருக்கவேண்டும். பதிவு மாற்றப்படாததாய் இருக்கவேண்டும். விளக்கத்துக்கு 45 நாட்களுக்கு முன்னரே எதிர்த்தரப்புக்கு அறிவித்து, அதனைப் பரிசீலிக்க வாய்ப்பளிக்கவேண்டும். அதே ஆண்டின் 22 ஆம் இலக்கத் திருத்தச்சட்டந்தான் தண்டனைச் சட்டக்கோவையிலே 345 ஆம் பிரிவைப் புதுக்கி, வேலைத்தலத்தில் அதிகாரமுடையவர் சொல்லாலோ செயலாலோ புரியும் பாலியல் தொந்தரவைக் குற்றமாக்கிற்று. சொல்லையே குற்றமாக்கிய ஆண்டிலே, சொல்லை மெய்ப்பிக்கும் வழியையும் சட்டம் திறந்துவிட்டது. மூடிய கதவுக்குப் பின்னே வலியவர் முன் தனித்து நிற்பவருக்கு இது சிறிய ஆறுதல் அன்று.

ஆயினும் நாடாவை அளவுக்கு மீறி நம்பவேண்டாம் என்று என் தொழில் எனக்குக் கற்பித்திருக்கிறது. யாழ்ப்பாணத்தார் தொலைபேசியிலே “ஓம், ஓம்” என்று சொல்லிக்கொண்டே இருப்பர். அதன் பொருள் “நான் சம்மதிக்கிறேன்” என்பதன்று. “கேட்டுக்கொண்டிருக்கிறேன், சொல்லும்” என்பதே. அதனை எழுத்திலே பெயர்த்து நீதிபதியின் மேசையில் வைத்தால், ஒவ்வொரு “ஓம்” உம் ஓர் இசைவாகிவிடும். “பாப்பம்” என்னும் ஒரு சொல் ஒருவர் வாயில் வாக்குறுதி. இன்னொருவர் வாயில் மரியாதையான மறுப்பு. கருவி ஓசையைத் தவறாமற் காக்கிறது, முகத்தைக் காப்பதில்லை. பதிபவரோ தாம் பதிவதை அறிந்தே பேசுகிறார். மற்றவர் அறியாமற் பேசுகிறார். ஒருவர் ஒத்திகை பார்த்து வந்த நாடகத்திலே மற்றவர் தம்மையறியாது நடிக்கிறார் என்பதை நீதி மன்றில் அமர்வோர் மறத்தல் ஆகாது.

இந்த ஒற்றன் வீட்டுக்குள்ளும் புகுந்துவிட்டான். இந்தியாவிலே பதிண்டா நகரக் குடும்ப நீதிமன்றத்தில் ஒரு கணவர், மனைவியோடு தாம் பேசிய தொலைபேசிப் பேச்சுக்களை மனைவி அறியாமற் பதிந்து, மணவிலக்கு வழக்கிலே சான்றாக முன்வைத்தார். அது மனைவியின் அந்தரங்க உரிமையை மீறும் செயல் என்று பஞ்சாப் – ஹரியானா உயர் நீதிமன்றம் 2021 ஆம் ஆண்டிலே தடுத்தது. உச்ச நீதிமன்றம் 2025 யூலை 14 ஆந் தேதி அத்தடையை நீக்கிற்று. கணவன் மனைவியர் ஒருவரையொருவர் வேவு பார்க்கும் நிலை தோன்றிவிட்டால், அதுவே அவர்களிடையே நம்பிக்கை முறிந்தமைக்கு அறிகுறி என்பது நீதியரசர்களின் கருத்து. தீர்ப்பின் நியாயம் எனக்கு விளங்குகிறது. வழக்கு வந்தபின் உண்மை வேண்டும். ஆனால், நாளை வழக்கு வரலாம் என்றெண்ணி இன்றே பதியத் தொடங்கும் வீட்டில், வழக்கு வருமுன்னரே இல்லறம் முடிந்துவிடுகிறது அல்லவா?

மூன்றாவது கேள்வி, பதிந்தது எங்கே போகும் என்பது. இதற்கு விடை நம் நாட்டிலேயே கிடைத்தது. 2020 சனவரியில், அக்காலத்துப் பாராளுமன்ற உறுப்பினர் ரஞ்சன் ராமநாயக்கவின் வீட்டைப் பொலிசார் சோதனையிட்டபோது, அவர் தொலைபேசியிலே பலருடன் பேசிப் பதிந்துவைத்த பேச்சுக்களும் அவர்கள் கையில் அகப்பட்டன. சின்னாட்களில் அவை வெளியிலே பரவின. நீதிபதிகளோடும் பொலிஸ் உயர் அதிகாரிகளோடும் அவர் பேசியவற்றை நாடே கேட்டது. பதிந்தவர் ஒருவர், கைப்பற்றியவர் வேறொருவர், பரப்பியவர் இன்னொருவர். பதிந்த சொல்லுக்கு எசமானன் இல்லை. 1978 ஆம் ஆண்டின் நமது அரசியலமைப்பு அந்தரங்கத்தைத் தனியோர் அடிப்படை உரிமையாகப் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. எனினும் வேண்டுமென்றே ஒருவரின் மானத்துக்கு ஊறு செய்தால் நட்டஈடு கோரும் வழி உரோமன் டச்சுச் சட்டத்திலே இருக்கிறது. எனவே நீதிமன்றத்திற் காட்டுதற்கு உரிய பதிவு, ஊரெல்லாம் பரப்புதற்கும் உரியதாகிவிடாது.

இவற்றையெல்லாம் சொல்லி, என் பெறாமகளின் அச்சத்தைத் தணித்தேன். பதிவை வெட்டாமல், ஒட்டாமல், அதே தொலைபேசியில் வைத்திருக்கவும், நாளையும் நேரத்தையும் அறையையும் தன் கைப்பட எழுதிவைக்கவும், வட்ஸ்அப்பிலே எவருக்கும் அனுப்பாமல் ஒரு சட்டத்தரணியிடம் மட்டும் கொடுக்கவும் கூறினேன். அவள் முகம் தெளிந்தது. தெளிந்த முகத்தோடே, “இன்னொண்டும் இருக்குது, பெரியப்பா” என்றாள்.

அதே காரியாலயத்தில் அவளுக்கு ஒரு தோழி. அந்தப் பெண்ணுக்கும் அதே அதிகாரியால் அதே துன்பம் நேர்ந்திருக்கிறது. திருமணம் நிச்சயமாகியிருந்த அப்பெண், ஒருநாள் மதிய இடைவேளையில் அழுதழுது எல்லாவற்றையுஞ் சொல்லி, “உன்னோடை இருக்கட்டும்” என்று கையைப் பிடித்துக் கேட்டிருக்கிறாள். அப்போதும் கைத்தொலைபேசி இயங்கிக்கொண்டிருந்தது. “ரெண்டு பேர் எண்டால் விசாரணையிலை நம்புவினம், பெரியப்பா. நான் ஒருத்தி சொன்னால் ஆர் நம்பப் போகினம்?” என்றாள்.

நான் சற்று நேரம் பேசாதிருந்தேன். நீதிமன்றத்திலே அப்பதிவு கேள்விச் சான்று என்று ஒதுக்கப்படக்கூடும்; அங்கே அப்பெண்ணே வந்து சொல்லவேண்டும். ஆனால் காரியாலய விசாரணைக்குச் சான்றுச் சட்டத்தின் கண்டிப்பு இல்லை. அங்கே அது கனமான சான்றாகவே இருக்கும். பதிந்த செயலை நோக்கினாலும், இரண்டு பதிவுகளுக்குமிடையே வேறுபாடு காண்பதற்கில்லை. இரண்டிலும் அவள் பேச்சிற் பங்குகொண்டவள்; இரண்டிலும் இரண்டாம் செவி. மேரிலாந்தில் இரண்டும் ஒருபோற் குற்றம். இங்கே இரண்டும் ஒருபோல் நிற்கும். ஆனால் ஒன்றில் அவள் தன்னைத் தாக்கியவரின் சொல்லைப் பிடித்தாள். மற்றதில் தன் தோளிற் சாய்ந்தவளின் கண்ணீரைப் பிடித்தாள். இந்த வேறுபாட்டை அறியும் சட்டம் நான் பார்த்த ஏடுகளில் இல்லை. மூன்றாம் செவிக்குச் சட்டம் காவல் வைத்திருக்கிறது. இரண்டாம் செவிக்கு அதனை உடையவரின் மனச்சாட்சியைத் தவிர வேறு காவல் நம் நாட்டில் இல்லை.

“அந்தப் பிள்ளையிட்டைக் கேள். ஓம் எண்டால் அவளே வந்து சொல்லட்டும். மாட்டன் எண்டால், அவளுக்கு முன்னாலேயே அழிச்சுப் போடு” என்றேன்.

“அழிச்சால் நான் தனிச்சுப் போவனே, பெரியப்பா?”

அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. அவள் கேட்டது நியாயமான கேள்வி. தனித்து நிற்கும் ஒருத்தியின் கையிலுள்ள ஆயுதத்தைப் பாதியாகக் குறைக்கச் சொல்வது, துன்பப்படாத கிழவனுக்கு எளிது. அதனை அறிந்தே சொன்னேன்.

அவள் கொழும்புக்குத் திரும்பித் தோழியிடம் கேட்டாள். தோழி, தன் பேச்சு பதியப்பட்டிருந்தது என்று அறிந்து முதலிற் கோபித்தாள், பின் அழுதாள், முடிவில், தன் திருமணம் முடியும்வரை தன் பெயரை எடுக்கவேண்டாம் என்று மறுத்துவிட்டாள். என் பெறாமகள் அவள் கண்முன்னே அப்பதிவை அழித்துவிட்டாள். விசாரணை இன்னும் நடக்கிறது. மேசைமீது இருப்பது ஒரு பதிவு மட்டுமே. அது போதுமா என்பதை நான் அறியேன். போதவேண்டும் என்று நாள்தோறும் நல்லூர்க் கந்தனை வேண்டிக்கொள்கிறேன்.

சென்ற வாரம் அவள் தொலைபேசியிற் பேசினாள். தோழியோடு மீண்டும் மதிய உணவு உண்பதாகச் சொன்னாள். உணவு மேசைக்குப் போகும்போது, இருவரும் தத்தம் தொலைபேசிகளை மேசை இலாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போகிறார்களாம்.